நெஞ்சு வலியா, வாயுத் தொல்லையா? துப்புக் கொடுக்கும் ரத்தத் துளி!

ஓசூர் 'ஷிப்டு' தொழிலாளர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சங்கதி

ராத்திரி 2 மணி. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. நைட் ஷிப்டு பாதி ஓடிவிட்டது. மிஷின் சத்தம் காதைப் பிளக்கிறது.

லேத்து முன்னால் நிற்கிறவருக்கு 45 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீர் என்று நெஞ்சுக்குள் யாரோ கல்லைத் தூக்கி வைத்தது போல ஒரு பாரம். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இடது கை மரத்துப் போகிறது.

"என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. கேன்டீன்ல சாப்பிட்ட பரோட்டா. கேஸ் புடிச்சிக்கிச்சு. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

சோடா வருகிறது. கூடவே ஒரு ஏப்பமும் வருகிறது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று சிரிக்கிறார். ஆனால் நெஞ்சில் ஏறிய பாரம் இறங்கவில்லை.

இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. சோடா, இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், பெட்டிக்கடை மாத்திரை என்று நெஞ்சு வலிக்கு நம் ஊரில் கைவைத்தியத்துக்குப் பஞ்சமே கிடையாது. இங்கே தமிழில் நெஞ்சு வலி என்பார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் குண்டெ நொப்பி என்பார். கன்னடக்காரர் எதெ நோவு என்பார். ஆனால் மூன்று பேரும் முதலில் தேடுவது சோடாவைத்தான்!

சிலருக்கு அது உண்மையிலேயே வாயுதான். சிலருக்கு அது மாரடைப்பு. வெளியில் நின்று பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே கஷ்டம்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? துப்பு ரத்தத்தில் இருக்கிறது.

ஆயிலில் இரும்புத் தூள்!

மெக்கானிக்குகளுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். வண்டியின் கியர் பாக்ஸில் இருந்து ஆயிலை வடிக்கிறார்கள். ஆயிலில் இரும்புத் தூள் மினுமினுக்கிறது. உடனே என்ன சொல்வார்கள்? "உள்ளே கியர் தேஞ்சு போச்சு சார்." பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள்.

இதயத்திலும் அதே கதைதான். இதயம் என்பது ஒரு பம்பு. அந்த பம்புக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இதயத்தின் மேலேயே ஓடுகிற தனிக் குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாயில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவம் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைபட்டுப் போகிறது.

ரத்த ஓட்டம் முழுசாக நின்றுபோனால் சுமார் 20 நிமிடத்தில் அந்தப் பகுதித் தசை சாக ஆரம்பிக்கிறது. செத்த தசை உடைகிறது. உடைந்த தசையில் இருந்து சில புரதங்கள் ரத்தத்தில் கசிகின்றன. ஆயிலில் கலந்த இரும்புத் தூள் மாதிரி!

அந்தப் புரதங்களில் முக்கியமானதுதான் 'ட்ரோபோனின்'. இப்போது நெஞ்சு வலி என்று போனால் ஆஸ்பத்திரியில் "ட்ரோப் எடுத்தாச்சா?" என்று நர்சுகள் கேட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான்.

யார் இந்த 'ட்ரோபோனின்'?

1960-களில் ஜப்பான் நாட்டு விஞ்ஞானி செட்சுரோ எபாஷி தசை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது கண்டுபிடிக்கப்பட்ட புரதம் இது. தசை இழைகளின் மேல் ஒரு பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். கால்சியம் என்ற சாவி வந்தால் பூட்டு திறக்கும், தசை சுருங்கும். கால்சியம் விலகினால் பூட்டிக்கொள்ளும், தசை தளரும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் இந்தப் பூட்டு திறந்து மூடுகிறது.

இதில் ஐ, டி, சி என்று மூன்று வகை உண்டு. இதயத்தில் இருக்கிற 'ஐ'யும் 'டி'யும் கை கால் தசையில் இருப்பதைவிட வேறு மாதிரி அமைப்பு கொண்டவை. அதனால் ரத்தத்தில் இவை கூடினால் அடிபட்டது இதயத் தசை என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து டாக்டர் ஹியூகோ காட்டஸ் குழுவினர் 1989-ல் 'ட்ரோபோனின் டி'யை ரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். 2000-ம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதய டாக்டர்கள் சங்கங்கள் கூடி, மாரடைப்புக்கான இலக்கணத்தையே திருத்தி எழுதின. அதில் ட்ரோபோனினுக்குத்தான் முதல் மரியாதை.

பழைய சோதனையில் என்ன கோளாறு?

இதற்கு முன்பும் ரத்த சோதனை இருந்தது. 1954-ல் நியூயார்க் டாக்டர்கள், மாரடைப்பு வந்தவர்கள் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி கூடுவதைக் கண்டு சொன்னார்கள். மாரடைப்பை ரத்தத்தில் பிடித்த முதல் துப்பு அதுதான். ஆனால் அது கல்லீரலிலும் இருக்கிறது. மஞ்சள் காமாலை வந்தாலும் கூடும். அப்புறம் எப்படி நம்புவது?

அடுத்து சி.பி.கே. என்று ஒன்று வந்தது. அது எல்லாத் தசையிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கல் தூக்குகிறவர், பர்கூர் மாங்காய் மண்டியில் கூடை சுமக்கிறவர், பகலெல்லாம் மூட்டை ஏற்றுகிற லோடுமேன் ஆகியோருக்கு உழைத்த களைப்பிலேயே சி.பி.கே. கூடிவிடும். இடுப்பில் ஒரு ஊசி போட்டாலும் கூடிவிடும்! இதயமா, இடுப்பா என்று தெரியாமல் டாக்டர்கள் தலையைச் சொறிந்த காலம் அது.

சி.பி.கே.யில் இதயத்துக்கு நெருக்கமான எம்.பி. என்ற ஒரு பிரிவைத் தனியாக அளந்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் அதுவும் 2, 3 நாளில் ரத்தத்தில் இருந்து மறைந்துவிடும்.

ட்ரோபோனின் அப்படி அல்ல. ஒரு வாரம், 10 நாள், சிலருக்கு 2 வாரம்கூட ரத்தத்தில் தங்கி இருக்கும். திங்கட்கிழமை வந்த வலியை "கேஸ்" என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம்கூட, "திங்கட்கிழமை வந்தது வாயு இல்லை, மாரடைப்பு" என்று ரத்தம் சாட்சி சொல்லும்.

எப்படி அளக்கிறார்கள்?

சில சிறிய கிளினிக்குகளில் கார்டு சோதனை இருக்கிறது. கர்ப்ப சோதனைக்கு வருகிற கார்டு மாதிரிதான். சில சொட்டு ரத்தம் விட்டால் சுமார் 15 நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் 'இல்லை'. இரண்டு கோடு என்றால் 'இருக்கிறது'. எவ்வளவு இருக்கிறது என்று பெரும்பாலான கார்டுகள் சொல்லாது.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மிஷின் இருக்கிறது. அதற்குள் ட்ரோபோனினை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கும். ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று அதன் மேல் ஒட்டிக்கொண்டு வெளிச்சம் விடும். வெளிச்சத்தை அளந்தால் அளவு தெரிந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? நவீன மிஷின்கள் 'நானோகிராம்' கணக்கில் அளக்கின்றன. ஒரு கிராமை 100 கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். 'ட்ரோபோனின் டி' அளக்கும் நவீன சோதனையில், ஒரு லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுகிறார்கள்!

உயிரைக் குடிக்கும் இரண்டு தப்பு

இவ்வளவு கெட்டிக்காரச் சோதனையையும் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. பொதுவாக நடக்கிற தப்பு இரண்டு.

தப்பு ஒன்று:- சீக்கிரம் போய், ஒரே ஒரு சோதனையோடு வீடு திரும்புவது.

வலி ஆரம்பித்த மறுநிமிடமே ட்ரோபோனின் ரத்தத்தில் வந்து நிற்காது. தசை சாக வேண்டும், உடைய வேண்டும், கசிய வேண்டும். பழைய சோதனை முறையில் தெரிவதற்கு 3, 4 மணி நேரம் ஆகும். சிலருக்கு 6 மணி நேரமும் ஆகும். நவீன மிஷினில் இன்னும் சீக்கிரம் தெரியும். ஆனால் அதற்கும் நேரம் வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு வலி. இரண்டரை மணிக்கு சோதனை. 'நெகட்டிவ்' என்று வருகிறது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்று பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். இதைவிட ஆபத்து வேறு இல்லை!

அதனால்தான் டாக்டர்கள் இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கிறார்கள். நவீன மிஷின் இருந்தால் 1 மணி, 2 மணி அல்லது 3 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். கார்டு சோதனை என்றால் 6 மணி நேரம் வரைகூட இருக்கச் சொல்வார்கள். "காசு புடுங்கத்தான் மறுபடி எடுக்கிறாங்க" என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சந்தேகம் வேண்டாம். அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதில்தான் ரகசியமே இருக்கிறது.

தப்பு இரண்டு:- ரத்த ரிசல்ட் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடுவது.

இ.சி.ஜி. எடுத்த உடனே சிலருக்குக் கோடு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பெரிய குழாய் முழுசாக அடைபட்டதற்கு அது அடையாளம். அப்படித் தெரிந்துவிட்டால் ட்ரோபோனின் ரிசல்ட்டுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் மருத்துவ விதி. ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி, அல்லது பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, இரண்டில் ஒன்றை உடனே செய்தாக வேண்டும்.

அப்படியானால் ட்ரோபோனின் யாருக்கு? இ.சி.ஜி.யில் தெளிவாகத் தெரியாதவர்களுக்கு. மாரடைப்பு வந்தும் ஆரம்பத்தில் இ.சி.ஜி. சரியாகவே இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் காட்டிக் கொடுப்பது இந்த ரத்த சோதனைதான்.

எல்லைத் தகராறு!

ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. அதுதான் எல்லை.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து கர்நாடகம். பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். வழியிலேயே பொம்மசந்திராவில் பெரிய இதய ஆஸ்பத்திரி இருக்கிறது. பெங்களூர் நகரத்துக்குள் அரசு ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதனால் ஓசூரில் நெஞ்சு வலி என்றால் பலரும் வண்டியை வடக்கே திருப்புகிறார்கள். அதில் தப்பில்லை.

ஆனால் நடப்பது என்ன? ஓசூரில் ஒரு கிளினிக்கில் முதல் சோதனை. அப்புறம் வண்டியில் ஏற்றி, சந்தாபுரா நெரிசலில் நின்று, பெங்களூரில் இரண்டாவது சோதனை. இரண்டு ரிசல்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் அலறுகிறார்கள். "அங்கே 0.03 சார். இங்கே 30-னு வந்திருக்கு. ஆயிரம் மடங்கு ஏறிடுச்சே!"

பயப்பட வேண்டாம். ஒரு ஆஸ்பத்திரி மில்லி லிட்டர் கணக்கில் சொல்லும். இன்னொன்று லிட்டர் கணக்கில் சொல்லும். மில்லி லிட்டருக்கு 0.03 என்பதும் லிட்டருக்கு 30 என்பதும் ஒரே எண்தான். பால் கணக்கை ஒருத்தர் லிட்டரிலும் இன்னொருத்தர் மில்லியிலும் எழுதின மாதிரி!

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒரு இடத்தில் 'டி' வகையை அளந்திருப்பார்கள். இன்னொரு இடத்தில் 'ஐ' வகையை அளந்திருப்பார்கள். மிஷினும் வேறு வேறு. ஒரு மிஷினின் எண்ணை இன்னொரு மிஷினின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. "ஓசூர்ல கூட இருந்திச்சு, இங்க குறைஞ்சிடுச்சு, வாங்க போகலாம்" என்று கிளம்பினால் கதை கந்தல்தான்.

எனவே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கையில் மூன்று சங்கதி இருக்க வேண்டும். ஒன்று, வலி ஆரம்பித்த நேரம். இரண்டு, ரத்தம் எடுத்த நேரமும் சோதனைச் சீட்டும். மூன்று, இ.சி.ஜி. காகிதம். கொடுத்த மாத்திரை, ஊசி விவரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கூடினால் எல்லாம் மாரடைப்பா?

இல்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதயத் தசை அழற்சி, நுரையீரலில் ரத்தக் கட்டி, ரத்தத்தில் கடுமையான கிருமித் தொற்று ஆகியவற்றிலும் கூடும். நெடுந்தூரம் மாரத்தான் ஓடியவர்களுக்குக்கூடக் கொஞ்சம் கூடி, அப்புறம் இறங்கிவிடும்.

அதனால்தான் 2018-ல் உலக இதய டாக்டர்கள் வகுத்த விதி இப்படிச் சொல்கிறது: அளவு கூடி இருக்க வேண்டும். அது ஏறவோ இறங்கவோ வேண்டும். அதோடு ரத்த ஓட்டம் குறைந்ததற்கான அடையாளம், அதாவது நெஞ்சு வலியோ இ.சி.ஜி. மாற்றமோ, இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் மாரடைப்பு.

மறுபக்கமும் உண்டு. ட்ரோபோனின் சரியாக இருந்தால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தம் அல்ல! குழாய் பாதி அடைத்திருக்கலாம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். தசை இன்னும் சாகவில்லை, அதனால் ரத்தத்தில் துப்பு இல்லை. அவ்வளவுதான். இவர்கள் டாக்டரிடம் காட்டி மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆஞ்சியோபிளாஸ்டி செய்தோ ஊசி போட்டோ அடைப்பைத் திறந்த பிறகு, ட்ரோபோனின் அளவு சட்டென்று மேலே ஏறும். "ஆபரேஷன் பண்ணின பிறகு ஏறிடுச்சே" என்று கலங்க வேண்டாம். அடைத்திருந்த வாய்க்காலைத் திறந்தால் தேங்கிய குப்பை எல்லாம் ஒரே அடியாக அடித்துக்கொண்டு வருகிறது அல்லவா, அது மாதிரி.

சின்ன வயசிலேயே ஏன்?

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' என்ற ஆய்வு 2004-ல் வெளியானது. அதில் தெற்கு ஆசியர்களின் கணக்கைத் தனியாகப் பிரித்து 2007-ல் வெளியிட்டார்கள். முதல் மாரடைப்பு மற்ற நாட்டுக்காரர்களுக்கு சராசரியாக சுமார் 59 வயதில் வருகிறது. நம் பகுதிக்காரர்களுக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது! புகையிலை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, தொப்பை, காய்கறி பழம் சாப்பிடாதது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

ஷிப்டு வேலையும் சேர்ந்துகொள்கிறது. 2012-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது. 34 ஆய்வுகள், சுமார் 20 லட்சம் பேர். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் 23 சதவீதம் அதிகம் என்று அது சொன்னது. தூக்கம் கெடுகிறது. சாப்பாட்டு நேரம் மாறுகிறது. கண் விழிக்க டீயும் பீடி, சிகரெட்டும் கூட்டுச் சேருகின்றன. ஓசூர் சிப்காட்டுக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறு என்ன வேண்டும்?

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 29-10-2021 அன்று மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 46. உடற்பயிற்சியில் பேர்போன மனிதர். அந்தச் சாவு எல்லையின் இரண்டு பக்கத்திலும் எத்தனையோ பேரைக் கலங்க வைத்தது. பிறகு கர்நாடக அரசு அவர் பெயரிலேயே 'ஹ்ருதய ஜோதி' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டால் ரத்த உறைவைக் கரைக்கும் விலை உயர்ந்த ஊசியை இலவசமாகப் போடும் திட்டம் அது.

தமிழ்நாடு காட்டிய வழி

தமிழ்நாடும் பின்தங்கி இல்லை. 2012 முதல் 2014 வரை இங்கே ஒரு பெரிய சோதனைத் திட்டம் நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்தார்கள். சைக்கிள் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் குடத்தில் போய்ச் சேருகிற மாதிரி ஒரு ஏற்பாடு. சின்ன ஊரிலேயே இ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் நடத்திய இந்தத் திட்டத்தில் 2,420 நோயாளிகளின் கணக்கு 2017-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன்பு 17.6 சதவீதம். திட்டத்துக்குப் பின்பு 14.2 சதவீதம். நூற்றுக்கு மூன்று உயிர் என்றால் சாதாரணமா? அந்த மூன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரைகளை முதல் மருந்தாகக் கொடுத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ரத்த உறைவு பெரிதாகாமல் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல். கொழுப்புப் படிவத்தை அடக்க அட்டோர்வாஸ்டாட்டின்.

வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 5-8-2021 அன்று தொடங்கியது எங்கே தெரியுமா? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான்! 2024-ல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு நாம் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதுதான் பாக்கி.

பெண்களே, உங்களுக்கும்தான்!

மாரடைப்பு ஆம்பளை வியாதி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போகிற பெண்களுக்கும், பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிற பெண்களுக்கும் வரும்.

பெண்களில் பலருக்கு நெஞ்சு வலியோடு மூச்சு வாங்குவது, குமட்டல், முதுகு வலி, தாடை வலி, அசதி ஆகியவையும் சேர்ந்து வரும். சிலருக்கு நெஞ்சு வலியே பெரிதாகத் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆணானாலும் பெண்ணானாலும் வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். "அடுப்படி வெக்கை, அதான் வேர்க்குது" என்று தள்ளிவிடாதீர்கள்.

'ட்ரோபோனின் ஐ' சோதனை சிலவற்றில் பெண்களுக்கு எல்லைக்கோடே ஆண்களைவிடக் குறைவு. ஆணுக்குச் சரி என்கிற அளவு பெண்ணுக்கு ஆபத்தாக இருக்கலாம். ரிசல்ட்டை டாக்டர் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

நடு நெஞ்சில் பாரம், அழுத்தம், எரிச்சல் வந்து சில நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால், வேலையை நிறுத்துங்கள். உட்காருங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் மயங்கினால் இரண்டு ஆபத்து.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், ரத்தக் கசிவு உள்ளவர் தவிர மற்றவர்களை டாக்டர்கள் பொதுவாக ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். போனில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். அதைக் கேளுங்கள். ட்ரோபோனின் முதல் தடவை 'நெகட்டிவ்' என்றால், "டாக்டர், மறுபடி எப்போ எடுக்கணும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உயிரைக் காப்பாற்றும்.

தொழிற்சாலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நைட் ஷிப்டில் ஒருவர் நெஞ்சு வலி என்றால், "கேட் பாஸ் யார் போடறது?" என்ற பேச்சு வரக் கூடாது. எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். மிஷின் நின்றால் எத்தனை நிமிடத்தில் மெக்கானிக் வர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களே, மனுஷனுக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

மறுபடி அந்த லேத்துக்கு வருவோம். ராத்திரி 2 மணி. சோடா பாட்டில் காலி. பாரம் இறங்கவில்லை. பக்கத்து மிஷின் தம்பி என்ன சொல்ல வேண்டும் தெரியுமா?

"அண்ணே, கேஸா இருந்தா டாக்டர் சொல்லட்டும். எழுந்திரிங்க, போலாம்."

வாயு என்று தெரிந்தால் போனது அரை நாள் சம்பளம். மாரடைப்பு என்று தெரிந்தால் மிஞ்சியது ஒரு குடும்பம்.